நான்தான்

என் வாயாடிக்கு,

உன் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன். தலையில் அடி, கண் விழித்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

வேலையில் வீட்டை நினைக்காதவன் என்று பீற்றிக்கொள்வேனே. நேற்றும் அடுத்தவன் ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்தேன். என் போனை நான் எடுக்கவில்லை என்றுதானே ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தாய்? அந்த கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிற நானேதான் அதை எடுத்தேன். என் குரலை நீ உடனே கண்டுகொண்டாய்.

"நான்தாங்க... மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றாய்.

"நான்தான்னா யாரும்மா? அட்ரஸ் சொல்லுங்க" என்றேன்.

நம் வீட்டு விலாசத்தைப் பிழையில்லாமல் தட்டி, வண்டியை அனுப்பிவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தேன். டிரைவர் கூப்பிட்டு, "சார், இது உங்க வீடாச்சே!" என்ற பிறகுதான் உறைத்தது.

நீ கண் விழித்ததும் "நான்தான்" என்பேன். "யாரு?" என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரன்