குறட்டைக்கு ஒரு ஆப்-ஆம்ப்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வாரம் இரவு ஷிப்ட். காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் தூங்கிவிட்டேன். சோழவரத்தில் இறங்க வேண்டியவன் செங்குன்றத்தில் விழித்தேன். பஸ் சீட் அளவுக்கு மீறி வசதியாக இருப்பதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மோனிகா மறுபடி ஆரம்பித்தாள். நான் தூக்கத்தில் குறட்டை விடுகிறேனாம். அது போதாதென்று, "நடுவுல மூச்சே நின்னுடுதுயா. டாக்டராண்ட போலாம் வா" என்கிறாள். மூச்சு நின்றவன் எப்படி எழுந்து நாஷ்டா தின்கிறான் என்று கேட்டேன். தையல் மிஷினை ஓட்டப் போய்விட்டாள்.

பொறுத்தது போதும். ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து நான் தூங்குவதைப் பதிவு செய்யப் போகிறேன். போனிலேயே செய்யலாமே என்றாள். போன் தன் இஷ்டத்துக்குச் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். சாட்சி என்றால் ஒழுங்கான சாட்சி வேண்டாமா? குறட்டை இருந்தால் டாக்டரிடம் வருகிறேன். இல்லாவிட்டால் இனி இந்தப் பேச்சே கூடாது. ஒத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மைக் தரும் சிக்னல் மிகச் சிறியது. அதைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப் சிப் வேண்டும். டிராயரில் 741 கிடந்தது, பாலிடெக்னிக் காலத்தில் வாங்கியது. நேராக சோல்டர் செய்யாமல் சாக்கெட் வைத்தேன்; தேவைப்பட்டால் வேறு சிப் சொருகலாம்.

வேலை நடுவே கண் அசந்துவிட்டது போல. சோல்டரிங் அயன் மேசை விரிப்பில் ஓட்டை போட்டுவிட்டது. ஸ்டாண்ட் சரியில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் பதிவு. ஒரே சீறல். அதற்கு அடியில் மரம் அறுப்பதுபோல் ஏதோ ஒன்று.

"அது இன்னா?" என்றாள் மோனிகா.

"சிப்போட இரைச்சல்."

"சிப்பு மூச்ச இழுத்து இழுத்து உடுமா?"

இவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஃபேக்டரியில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷன் துளசிராமனிடம் கேட்டேன். "741-ஆ? அத்த வச்சிக்கினு பாட்டு கேக்கப் போறியா? 071 போடு. அதுவும் பத்தலன்னா 5534" என்றான். மூன்றுக்கும் ஒரே கால் அமைப்பு, போர்டைத் தொட வேண்டாம். எதற்கு என்று கேட்டான். பாட்டு கேட்க என்றே சொல்லிவைத்தேன். ஷிப்ட் முடிந்ததும் ரிச்சி தெருவுக்குப் போய் 071 வாங்கினேன்.

ஆகஸ்ட் 9, சனி

071 நல்ல சிப். சீறல் பாதியாகக் குறைந்தது. ஆனால் புதுத் தொல்லை: நடுநடுவே எல்லாம் விட்டுப்போகிறது. நான் விடுவதாகச் சொல்லப்படும் சத்தமும் மோனிகாவின் தையல் மிஷின் சத்தமும் ஒன்றாக நிற்கின்றன. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றாகத் திரும்பி வருகின்றன. சீறல் மட்டும் தொடர்கிறது. சீறல் சிப்பில் பிறப்பது. ஆகவே சிப் நன்றாக இருக்கிறது, மைக் ஒயரில் லூஸ். இதைக் கண்டுபிடிக்கத்தானே கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

தையல் மிஷினை முன் ரூமுக்கு மாற்றச் சொன்னேன். அதன் மோட்டார் பதிவைக் கெடுக்கிறது.

"இங்கதான் வெளிச்சம் நல்லா கீது" என்றாள்.

நான் பகலில் தூங்குவதற்காக அந்த அறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கிறோம். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மறுபடி இரவு ஷிப்ட். புது ஒயர் போட்டேன். அதே லூஸ்.

ஆகஸ்ட் 27, புதன்

மைக்கையே மாற்றினேன். அதே.

ஆகஸ்ட் 28, வியாழன்

துளசிராமன் சொல்கிறான்: "லூஸாவே இல்லாம இருக்கலாம். சீறல் இன்னும் அடங்குனாத்தான் அதுக்கு அடியில இன்னா கீதுன்னு தெரியும்." தன்னிடமிருந்த 5534 ஒன்றைக் கொடுத்தான். பாட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

5534 சொருகிவிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் மோனிகா தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தபோது ஹெட்போனில் கேட்டேன்.

சீறல் அநேகமாக இல்லை. குறட்டை — சரி, குறட்டைதான். நான்தான். கூடவே தையல் மிஷின். பிறகு குறட்டை நின்றது. ஒரு நொடி கழித்து மிஷினும் நின்றது. ஒயரை ஆட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது, சுவர்க் கடிகாரம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரம் கேட்கிறது என்றால் மைக் வேலை செய்கிறது. ஒயர் வேலை செய்கிறது. நான்தான் வேலை செய்யவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். கடிகாரம் மட்டும் ஓடுகிறது. மூச்சு வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம். வளையல் சத்தம். அப்புறம் மோனிகா, ரொம்பத் தாழ்ந்த குரலில்: "ஜெரால்டு... ஜெரால்டு... மூச்சு உடுயா." விழித்திருக்கும்போது அவள் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் போல நான் ஒரு இழுப்பு இழுக்கிறேன். குறட்டை. நாற்காலி. மிஷின். கொஞ்ச நேரம் தைக்கிறாள். மறுபடி என் மூச்சு நிற்கிறது, மறுபடி மிஷின் நிற்கிறது, மறுபடி என் பெயர். பதிவு முழுக்க இதேதான்.

வெளிச்சமாம். வெளிச்சம்.

பயமா கீது. நெஜமாவே பயமா கீது. நான் நைட் ஷிப்ட் போற வாரமாவது அவ ராத்திரில தூங்கியிருப்பா. மத்த வாரமெல்லாம்? நான் ராத்திரி பூரா பக்கத்துல படுத்துக் கெடந்தேனே, அப்ப எப்ப தூங்குனா? ஒரு தடவையாவது கேட்டேனா? ஒயரக் கயட்டி மாட்டிக்கினு இருந்தேன், பெரிய எலக்ட்ரீசியன்.

அவள் வந்ததும், "டாக்டராண்ட எப்ப போலாம்?" என்றேன்.

"இன்னா, லூஸு கெட்ச்சிடுச்சா?"

"கெட்ச்சிடுச்சு."

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். இப்படியே விட்டால் இதயத்துக்கு நல்லதில்லை என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மோனிகாவுக்குத் தெரிந்திருந்தது.

என் பதிவையும் கேட்டார். ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

பகலில் கண்ட இடத்தில் தூங்கி விழுவதும் இதனால்தானாம். பஸ் சீட்டைக் குறை சொன்னது தப்பு. சோல்டரிங் ஸ்டாண்டையும்.

அக்டோபர் 8, புதன்

டாக்டர் எழுதிக்கொடுத்த மூச்சு மிஷின் வந்துவிட்டது. மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். யானை மாதிரி இருக்கிறேன் என்று மோனிகா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

நவம்பர் 20, வியாழன்

இரவு ஷிப்ட் வாரம். பஸ்ஸில் விழித்துக்கொண்டே வந்து சோழவரத்திலேயே இறங்கினேன்.

மாஸ்க் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்று மறுபடி பதிவு செய்தேன். 5534-தான். காற்று சீராகப் போய் வருகிறது. கடிகாரம் ஓடுகிறது. தையல் மிஷின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. பழக்கத்தில் உடனே என் மூச்சைத் தேடினேன். இருந்தது. மிஷின்தான் திரும்ப ஓடவில்லை. பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டை. நான் மாஸ்க்கில் இருக்கிறேன், எனவே என்னுடையது இல்லை. சின்னதாகத்தான் ஆரம்பித்தது, பிறகு நல்ல கனமாக, மத்தியானம் முழுக்க. நடுவில் எங்காவது நிற்கிறதா என்று கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். நிற்கவில்லை.

மோனிகா டீ கொண்டுவந்தாள். "இன்னா, இம்மாந்நேரமா கேட்டுக்கினு கீற? எதுனா சத்தம் வருதா?"

"சிப்போட இரைச்சல்" என்றேன்.

"அப்ப வேற சிப்பு மாத்தேன்."

"வேணாம், இதுவே இருக்கட்டும்" என்றேன்.