சந்தோஷம் என்று சொன்ன மெஷின்

வியாசர்பாடி,
ஞாயிறு காலை

அன்பு மகன் குட்டு என்கிற செங்குட்டுவனுக்கு,

ஜெய்பீம். இதை எழுதுவது உன் அப்பா லட்சுமணன்தான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. என் கை, என் பேனா. நம்பாவிட்டால் உன் அம்மாவைக் கேட்டுக்கொள். அவள் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, இன்னும் அதே காயிதத்துலயே கீற? நீ முடிக்கறதுக்குள்ள அவன் கட்டுற கப்பலே ரெடியாயிடும்" என்கிறாள். கெங்கம்மாவுக்குப் பொறாமை. அவளையும் வகுப்புக்குக் கூப்பிட்டேன். வரமாட்டாளாம். "நீ படிச்சிச் சொல்லு, நான் தப்பு கண்டுபுடிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் ரமாபாய் டீச்சர், சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாத எங்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கிறாள். எங்களில் பாதிப் பேருக்கு அவள் வயதில் மகள் இருக்கிறாள். ஆனாலும் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் எல்லோரும் கடைசி பெஞ்சுக்கு ஓடுகிறோம். எழுத்து வந்ததிலிருந்து எனக்குத் தெருவில் நடக்கவே நேரம் போதவில்லை. கடைப் பலகை, பஸ், சுவர், ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் பென்ஷன் விஷயமாகத் துறைமுகத்துக்குப் போனேன். நாங்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் கிடங்குச் சுவரில் பெரிதாக ஏதோ எழுதியிருக்குமே, அதை இப்போதுதான் படித்தேன். "இங்கே உட்காராதீர்கள்" என்று போட்டிருக்கிறது. வேலையை விட்டு வரும்வரை அதன் அடியில்தான் உட்கார்ந்து சோறு தின்றோம். அங்கேயே நின்று சிரித்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு ஒரு வலியும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் வாடை அடிக்கிறது. அதைத் தவிர வெயிலும் பரவாயில்லை, தண்ணீரும் வருகிறது.

போன ஞாயிறு நீ போனில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை செய்யும் அந்த வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். "நீ இன்னா சொல்ற நைனா?" என்று கேட்டாய். நான் "உன் இஷ்டம்பா" என்றேன். நீ "சரி நைனா" என்று போனை வைத்தாய். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் தோஸ்து சௌக்கத் அலியின் மகள் நவ்ரீன், கிண்டியில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை செய்கிறாள். லீவு நாளில் நீ அறையில் உட்கார்ந்து ஆடுவாயே, அது மாதிரி கேம். அதில் ஒரு துறைமுகம் வருகிறதாம். அதன் கேட்டில் ஒரு கிழவர் நிற்பாராம். அதற்கு ஒரு நிஜ முகம் வேண்டும் என்று அவள் வந்து கேட்டாள். "நடிக்க வேணாம் மாமா, நீங்க நீங்களாவே இருந்தா போதும்" என்றாள். உன் அம்மா, "அப்ப சம்பளம் குடுத்துத் தூங்கத்தான் வைக்கணும்" என்றாள்.

மெட்ரோவில் போனேன். அறிவிப்பு சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் நானே வாய்விட்டுப் படித்தேன். எதிரே இருந்த பெண், நான் தூரத்து ஊர்க்காரன் என்று நினைத்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள்.

அங்கே என் முகமெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்து, தலையில் கேமரா மாட்டிய தொப்பி போட்டார்கள். நான் முகத்தைச் சுளித்தால் பெரிய திரையில் இன்னொரு கிழவன் சுளிக்கிறான். நாக்கை நீட்டினேன், அவனும் நீட்டினான். வயசை மறந்து ரொம்ப நேரம் அந்த விளையாட்டு ஆடினேன்.

நவ்ரீன் எனக்கு விளக்கினாள். இனிமேல் வரும் கேம்களில் நாம் மட்டும் கேமைப் பார்க்க மாட்டோமாம், அதுவும் நம்மைப் பார்க்குமாம். ஆடுகிறவன் முகம் வாடியிருந்தால் கேட்டில் நிற்கும் கிழவருக்கு அது தெரிந்துவிடுமாம். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவாராம். சந்தோஷமாக வந்தால் வேறு கதையாம். அதற்குத்தான் முதலில் மெஷினுக்கு மனுஷ முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்டதும் எனக்குக் குஷி. எனக்கு ரமாபாய் டீச்சர், மெஷினுக்கு நான்.

ஒவ்வொரு முகமாகக் காட்டச் சொன்னார்கள். பயத்துக்கு, துறைமுகத்தில் கிரேன் கம்பி அறுந்த நாளை நினைத்துக்கொண்டேன். கோபத்துக்கு, டோல்கேட்டில் என் கால்மேல் ஸ்கூட்டரை ஏற்றிவிட்டு என்னையே திட்டிப் போனவனை நினைத்தேன். எல்லாவற்றையும் மெஷின் சரியாகச் சொன்னது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டார்கள். ஆடுகிறவன் கேமை அணைத்துவிட்டுப் போகப் போகிறான். கிழவருக்கு அவனை விட மனமில்லை. வாய் திறந்து சொல்லவும் மாட்டார். அந்த முகம் வேண்டும் என்றார்கள். யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் நவ்ரீன்.

உன்னைத்தான் நினைத்தேன். என் முகம் தானாகச் சிரித்துவிட்டது. திரையில் "சந்தோஷம்" என்று விழுந்தது. கம்பெனிப் பையன் ஒருவன், "சார், சோகமா வேணும், ஒன்ஸ் மோர்" என்றான். மறுபடி உன்னை நினைத்தேன். மறுபடி பல் தெரியச் சிரித்தேன். மறுபடி சந்தோஷம்.

அப்போதுதான் குட்டு, எனக்கு ஏர்போர்ட் ஞாபகம் வந்தது.

நம் வீட்டில் தூரதேசம் போகிறவனை அழுது அனுப்பக் கூடாது. உன் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கு நீ ஆட்டோவில் பையை ஏற்றிக்கொண்டிருந்தபோது உன் அம்மா என் கையைக் கிள்ளி, "அங்க வந்து அழுது கிழுது தொலைச்சே, அவ்ளோதான். புள்ள பொழைக்கப் போவுது, சிரிச்ச மூஞ்சியா அனுப்பு" என்றாள். நான் சிரித்தேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் நீ திரும்பிப் பார்த்தாய். இன்னும் அகலமாகச் சிரித்தேன். அந்த வாரமே நீ அம்மாவிடம் போனில், "நைனா ஜாலியா அனுப்பி வச்சாரு, அதான் எனக்குக் கஷ்டமே தெரியல" என்று சொன்னாய். அவள் என்னிடம் சொன்னாள். நல்ல காரியம் செய்தோம் என்று நான் பெருமைப்பட்டேன். இப்போது அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தபோதுதான், நீயும் அந்த மெஷின் மாதிரியே என் முகத்தைப் படித்திருப்பாயோ என்று தோன்றியது.

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நவ்ரீன் என் நாற்காலி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "மாமா, மூஞ்சிய வுட்டுத் தள்ளுங்க. கேம் ஆடறவன் போயிகினேகீறான். வாயத் தொறந்து சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். "டேய் குட்டு, போவாதடா. எங்களுக்கு யாருடா கீறா" என்றேன். அந்த அறையே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாகவா சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மெஷின் அதைக் "கோபம்" என்று போட்டது.

நவ்ரீன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மெஷின் சொன்னதை அழித்துவிட்டு, "இதுக்கு இன்னா பேரு போடறது மாமா?" என்று கேட்டாள். "தெரியலம்மா, அப்பன் மூஞ்சின்னு போட்டு வை" என்றேன். அப்படியே தமிழில் அடித்தாள். எழுத்துக் கூட்டி நான் படித்தேன், சரியாகத்தான் இருந்தது. நிறையப் பேர் முகத்தைக் காட்டினால் மெஷினும் ஒரு நாள் கற்றுக்கொள்ளும் என்றாள். கற்றுக்கொள்ளட்டும். நானே இந்த வயசில்தானே கற்றேன்.

அந்த கேம் வர இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகுமாம். நீ அந்த ஊரிலேயே இருந்தால், குளிரில் வேலை முடிந்து வந்து அறையில் அதைப் போடுவாய். கேட்டில் நான் நிற்பேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, மூஞ்சி டல்லாகீது, துன்னியா?" என்று கேட்பேன். அதை என் குரலிலேயே பேசிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் குட்டு, அந்தக் கிழவன் யார் வந்து போட்டாலும் அப்படித்தான் கேட்பான்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏர்போர்ட்டிலிருந்து கேம் வரைக்கும் உள்ளதை மட்டும் தாண்டிவிட்டேன். அவள் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நான் எதையோ தாண்டினேன் என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பட்டறைல நெருப்பு வேல செய்யறான், கண்ணு பத்தரம்னு எழுது. கடைசில போன எடத்துல நல்லா இருன்னு போட்டு முடி" என்றாள்.

அவள் சொன்னபடி எழுதுகிறேன். கண் பத்திரம்.

நல்லா இரு, குட்டு. இங்கே வந்து நல்லா இரு.

உன் அப்பா,
லட்சுமணன்