இனி உன்னை அந்த ரோட்டில் பார்க்க மாட்டேன்

சண்டை போட ஆளில்லாமல் என்னைத் தவிக்க விட்டுப் போன என் கௌதம் அண்ணனுக்கு,

நம் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போட இப்போது வேறு ஒருவர் வருகிறார். உன்னைப் போல மாடிப்படியில் கேனை இடித்துக்கொண்டு, "கதவத் தொறடி மகாராணி" என்று மர்பி டவுனுக்கே கேட்கிற மாதிரி கத்துவதில்லை. பூனை மாதிரி வந்து வைத்துவிட்டுப் போகிறார். அம்மா அவருக்கு மோர் கொடுக்கிறாள். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பாவம், அவர் என்ன செய்தார்?

இன்னொரு செய்தி. என் கையில் இப்போது பட்டன் போன் இருக்கிறது. சிரிக்காதே. சாப்பிடும்போது என் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடுவாயே, "சோத்தப் பாத்துத் துன்னு, அப்பறம் ஊரப் பாப்ப" என்று. நான் உன் முதுகில் குத்துவேன். அப்போதெல்லாம் விடாத போனை இப்போது விட்டிருக்கிறேன். எப்படி விட்டேன் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். உன் சாவு ஒரு வீடியோவாக ஊரெல்லாம் சுற்றுகிறது.

ஈஜிபுரா சிக்னலைத் தாண்டி உன் கூட்ஸ் ஆட்டோ நிற்கிறது. உன் வண்டி உரசி ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்திருக்கிறது. பொம்மசந்திரா கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. "ஏனோ, கண் காணல்வேனோ?" என்று பாய்கிறான். கண் தெரியவில்லையா என்று கேட்கிறான். நீயும் இறங்கிக் கன்னடத்தில் நாலு வார்த்தை விடுகிறாய். அப்புறம் உனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அவன் தோளில் தட்டி, "ஹோக்லி பிடி குரு" என்கிறாய். போகட்டும் விடுப்பா என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் திரும்புகிறாய்.

அவன் கையில் ஹெல்மெட் இருந்தது. உன் பின்மண்டையில் இறக்கினான். நீ டிவைடர் கல்லின்மேல் போய் விழுந்தாய். விழுந்தவனையும் அவன் விடவில்லை. அடித்தான், அடித்தான், ஹெல்மெட் உடையும்வரை அடித்தான். வண்டியிலிருந்து ஒரு கேன் உருண்டு மூடி கழன்று, நீ ஊருக்கெல்லாம் போட்ட நல்ல தண்ணீர் உன் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போயிற்று.

வீடியோ எடுத்தவனின் கை நடுங்கவே இல்லை, அண்ணா. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. பக்கத்தில் போய் உன் முகத்தை எடுக்கிறான். அந்தக் கையால் அடிக்கிறவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். சுற்றி அத்தனை பேர். ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு போன். அந்தக் கைகளையெல்லாம் ஒடித்துப் போட வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் வெறி வருகிறது.

ஆனால் நானும் பார்த்தேன். எழுந்ததும் பார்த்தேன், பார்லர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தேன், கஸ்டமருக்கு முகத்தில் ஃபேஸ்பேக் போட்டுவிட்டு அது காயும்வரை பார்த்தேன். உன் குரல் வேறெங்கே இருக்கிறது சொல். ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாயா நீ? என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் "ஹோக்லி பிடி குரு" வரைக்கும் கேட்பேன். அங்கே நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளுவேன். சில நேரம் விரல் பிந்திவிடும்.

அதற்குக் கீழே கமெண்டுகள். அவன் பெயர் மஞ்சுநாத் என்று தெரிந்ததும் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தமிழனைக் கன்னடக்காரன் கொன்றுவிட்டான் என்று ஒரு கூட்டம். பிழைக்க வந்தவனுக்கு ரோட்டில் என்ன திமிர் என்று இன்னொரு கூட்டம். நம் தாத்தா காலத்திலிருந்து இந்த பெங்களூரிலேயே கிடக்கிறோம், நாம் பிழைக்க வந்தவர்களாம். ரோஜாப்பூ படம் வைத்து வேறு பெயரில் நானும் இறங்கினேன். அவன் கையை வெட்டு, குடும்பத்தைக் கொளுத்து என்று எழுதினேன். ஒவ்வொரு லைக்கும் விழ விழ எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அம்மா ஏதாவது கேட்டால் நாய் மாதிரிக் குரைத்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தன் போனைத் தள்ளிக்கொண்டே வந்தான். நீ வந்தாய். அடி விழுந்தது. அவன் "அய்யயோ" என்றான், விரலால் தள்ளினான், அடுத்து யாரோ பிரியாணி தம் திறந்தார்கள், அவன் சிரித்தான். அவ்வளவுதான், விட்டேன் ஒரு அறை. "யாக்ரி ஹொடீதீரா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். ஏன் அடித்தேன் என்று நான் அவனிடம் எந்த மொழியில் சொல்வது? போனைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் அடித்தேன். கண்டக்டர் என்னை அல்சூரில் இறக்கிவிட்டார். எனக்கு வெட்கமாகவே இல்லை. இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது.

"போனக் கொஞ்சம் கொறச்சிக்கோமா, அது உன்னத் துன்னுது" என்றாள் அம்மா. "உன் புள்ள செத்திருக்கான், நீ போனப் பேசுறியா?" என்று தட்டைத் தூக்கி எறிந்தேன். தட்டு அவள் காலில் பட்டது. அவள் குனிந்து சோற்றை அள்ளினாள்.

அப்போதுதான் ஒரு கமெண்ட் வந்தது. அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான், வீடு இதுதான் என்று. ஈஜிபுராவில் எத்தனையாவது கிராஸ், எந்த மாடி, எல்லாம் எழுதியிருந்தது. உன் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துப் பார்லர் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவன் மண்டையை உடைக்கத்தான் போனேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பட்டப்பகல். படியேறினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது, அண்ணா.

"ஹோக்லி பிடி குரு."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே தரையில் ஒரு அம்மா உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தாள். "ஹோக்லி பிடி குரு." விரலை வைத்து நிறுத்தினாள். பின்னால் தள்ளினாள். மறுபடியும் நீ சொன்னாய். நான் நிறுத்தும் அதே இடத்தில்தான் அவளும் நிறுத்தினாள்.

"யாரு கண்ணு? மேல் வீடா?" என்றாள். தர்மபுரிப் பக்கத்துத் தமிழ்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் பார்வை போனுக்குப் போனது, மறுபடி என்னிடம் வந்தது. "மூக்கு அப்பிடியே இருக்குதே. தங்கச்சியா?"

"உன் புள்ள எங்க?"

"உள்ளதான் இருக்கான் கண்ணு. ஜாமீன் குடுக்கல." கமெண்டில் வந்தது பொய். போனை என் பக்கம் நீட்டினாள். "இங்க பாரேன். அந்தப் புள்ள எவ்ளோ நல்லா சொல்லுது. இங்கயே நிறுத்திப்புட்டா எம்மவன் அடிக்கலல்ல? அடிக்கலதான?"

என் கை பைக்குள்ளேயே இருந்தது. அவள் அதையும் பார்த்தாள். "அடிச்சிரு கண்ணு. என்னிய அடிச்சிரு. மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

"கேக்காத. கேட்டாலும் குடுக்கமாட்டேன்."

ஸ்பானரை ஓங்கினேன். அவள் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தாள், போன் தரையில் விழுந்தது. அதன்மேல் இறக்கினேன். ஒரு அடியில் நிறுத்தவில்லை. அவன் எப்படி அடித்தானோ அப்படியே அடித்தேன். கண்ணாடிச் சில் தெறித்து என் கன்னத்தைக் கீறியது. நிறுத்தியபோது என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ கண்ணு, வக்கீலு அதுலதான பேசுவாரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தானையால் என் கன்னத்தைத் துடைக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்தேன். தமிழ்நாடு, கர்நாடகா என்று கமெண்டில் ஊரே வெட்டிக்கொண்டு செத்ததே, கடைசியில் இரண்டு தமிழர்கள் நடுரோட்டில் கன்னடத்தில் சண்டை போட்டிருக்கிறீர்கள். நமக்கு இங்கே அதுதானே பழக்கம். தெரியாதவனிடம் ரோட்டில் கோபம் வந்தால் வாயில் கன்னடம்தான் வரும். தமிழில் திட்டி, எவனாவது அதை வேறு கதையாக்கிவிட்டால் என்ற பயம். "விடு தம்பி" என்று நீ தமிழில் சொல்லியிருந்தால் அவன் கை நின்றிருக்குமா? இல்லை, அப்போதும் அடித்திருப்பானா?

மறுநாள் என் போனை விற்றேன். வீடியோ, கமெண்ட், ரோஜாப்பூ எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் விற்றேன். அந்தக் காசில் ஒரே மாதிரி இரண்டு பட்டன் போன் வாங்கி, ஒன்றைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். "வக்கீல் பேச இது போதும். இதுல படம் ஓடாது" என்றேன். அவளுக்கு சிம் போடத் தெரியவில்லை. நானே போட்டு, வேலை செய்கிறதா என்று என் நம்பருக்கு ஒரு கால் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இப்போது அவ்வப்போது அழைத்து, "சாப்டியா கண்ணு?" என்கிறாள். முதலில் கட் பண்ணினேன். இப்போது "ம்" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணுகிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

போனை விட்டதும் மனசு லேசாகிவிட்டது என்று நினைக்காதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் என் கட்டைவிரல் காற்றில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் யாராவது போனை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அம்மா பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் காலில் தட்டு பட்ட இடம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது.

நான் அவனை மன்னிக்கவில்லை, அண்ணா. கோர்ட்டில் அவன் முகத்துக்கு நேராக நிற்பேன், அவனுக்குத் தண்டனை கிடைக்காமல் விடமாட்டேன். அன்றைக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவார்களாம். அந்த நேரம் மட்டும் நான் வெளியே வராண்டாவில் நிற்பேன். அவன் அம்மாவும் வெளியேதான் நிற்பாள் என்று நினைக்கிறேன்.

அவன் உன்னை ஒரு தடவைதான் கொன்றான். மற்ற ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்தி உன்னை அந்த ரோட்டில் நிற்க வைத்தது நான். நான் அழுத்தியபோதெல்லாம் நீ சிரித்தாய், திரும்பினாய், விழுந்தாய்.

இனி அழுத்தமாட்டேன். உன் குரல் மறந்துபோனாலும் போகட்டும், அழுத்தமாட்டேன். என் விரல் பட்டு நீ இன்னொரு தடவை விழமாட்டாய், இது சத்தியம். நாளைக்குத் தண்ணீர் கேன் வரும். கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு வரச் சொல்லி அந்த மனிதரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் உன் முதுகில் குத்தப் பாக்கி வைத்திருக்கும்
உன் ஒரே தங்கச்சி,
வெண்ணிலா