பித்தளைகளுக்கு நடுவே ஒரு திருகு

என் செல்ல ஹலினா,

உன் மாமா இல்லாவிட்டால் இந்தப் பல்கலைக்கழகத்தையே நேற்று இழுத்து மூடியிருப்பார்கள். கொஞ்சம்தான் கூட்டிச் சொல்கிறேன்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் அந்த இரண்டு உருளைகளுக்கு நடுவே, திரவ உலோகம் காந்தத்தால் தள்ளாடுகிறது என்று நீ அளந்து காட்டினாய். "உள்ள எங்கயோ இரும்பு சுத்துதும்மா, அதத்தான் அளந்திருக்க" என்றார் புரொபசர். நீயும் ஆராய்ச்சியை உதறிவிட்டு அம்மாவின் பேக்கரியில் டோனட் பொரிக்கப் போய்விட்டாய்.

திங்களன்று இயந்திரத்தைப் பிரித்தேன். மேல்மூடியின் நாற்பது பித்தளைத் திருகுகளுக்கு நடுவே, பித்தளை முலாம் பூசிய ஓர் இரும்புத் திருகு! என் கழுகுக் கண்ணுக்குத் தப்புமா? யார் போட்டது என்ற விசாரணை இப்போது எதற்கு? அவசரத்தில் முப்பது வருட அனுபவமுள்ள லேப் மெக்கானிக்குக்கும் கை தவறும்.

அதை மாற்றிவிட்டு ஓட்டினோம். சுற்றுக்கு ஒருமுறை வந்த துடிப்பு மறைந்தது. உன்னுடைய மெதுவான தள்ளாட்டம் மட்டும் மிஞ்சியது. காந்தத்தை அணைத்தால் அடங்கியது, போட்டால் எழுந்தது. புரொபசர் ஐந்து தடவை சோதித்தார்.

"யோவ், அந்தப் பொண்ணு சொன்னது நெசம்யா! வரச் சொல்லுய்யா!"

"வெரட்டுனது நீங்க, நீங்களே கூப்புடுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சரி, அவர் கதவைச் சாத்திய பிறகு.

உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. அந்த இரும்புத் திருகை இதோடு வைத்திருக்கிறேன். அதன் அடியில் சிவப்புப் பொட்டு இருக்கும். என் கருவிப் பெட்டிச் சாமான்களுக்கெல்லாம் அடையாளமாகப் பத்து வயதில் நீ வைத்த பொட்டு.

வந்து திட்டு.

உன் தாய்மாமன்