தந்தை கையெழுத்து

ஜூன் 4
சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்கா மூன்றாம் தடவையாக வந்தார். பத்தாம் வகுப்புப் போகும் மகளுக்குக் கல்வி உதவித்தொகை. எல்லாம் சரி, 'தந்தை கையெழுத்து' என்ற இடம் மட்டும் காலி. "அவரு போயி ஆறு வருசம் ஆச்சு மேடம். நான் எங்கன்னு போயித் தேட?" என்றார். ஏழு வருடமாக இந்த அறக்கட்டளையில் சொல்லிப் பழகியதைச் சொன்னேன்: "ரூல்ஸ் அக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

தாளை நான்காக மடித்துக்கொண்டு போனார். சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 5
சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

ஜூன் 7
நிராகரித்த படிவங்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். இந்த வருடம் முப்பத்தெட்டு. அதில் இருபத்தாறுக்கு இதே ஒரு குறைதான். செத்தவருக்குச் சான்றிதழ் போதும். உயிரோடு தொலைந்தவருக்குத்தான் வழி இல்லை. கையெழுத்து இல்லையென்று ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரைக் குறை சொல்ல?

ஜூன் 8
மேலாளரிடம் போனேன். எந்தத் தாளைக் கண்டாலும் சீல் குத்துவதால் எங்களுக்குள் அவர் பெயர் 'முத்திரை'.

"நாளைக்கு அப்பன்காரன் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"ஆறு வருசமா புள்ளைய எட்டிப் பாக்காதவன், ஃபீஸ் கட்டினதுக்கா சார் சண்டைக்கு வரப்போறான்?"

"கமிட்டியில வேணும்னா பேசிப் பாருங்க" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், சிரித்தார். "ஊதுற சங்க ஊதி வை. விடியும்போது விடியட்டும்."

விடிகிற வரைக்கும் ஊதுவேன்.

ஜூன் 15
விடுப்புப் போட்டு, அந்தப் படிவங்களிலிருந்த முகவரிகளுக்குப் போனேன். பதினொரு வீடு. ஓர் அம்மா கதவே திறக்கவில்லை. "இன்னொரு தடவ இல்லன்னு சொல்லவா வந்தீங்க?"

இஸ்திரி அக்கா வீட்டில் மகள் இல்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறாளாம். எப்போதிருந்து? நான் முடியாது என்று சொன்னதற்கு மறுநாளிலிருந்து.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அய்யோ, ஒரு வரி — ஒரே ஒரு வரிக்காக என்ன பண்ணி வச்சிருக்கேன்? சரி, அழுது என்ன ஆவப்போவுது. எந்திரி. அடுத்த வீட்டுக்கு நட.

ஜூன் 22
கமிட்டிக் கூட்டம். இருபத்தாறு படிவங்களையும் மேசைமேல் பரப்பினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உறுப்பினர். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இந்தப் புள்ளைங்களுக்குத்தானேங்க முதல்ல குடுத்திருக்கணும்?" என்றார். அங்கேயே விதியை மாற்றினார்கள்.

இனி 'பெற்றோரில் ஒருவர் அல்லது காப்பாளர்' கையெழுத்துப் போதும். ஆனால் மிச்சமிருக்கும் நிதி பதினான்கு பேருக்குத்தான் வரும். மீதிப் பன்னிரண்டு பேர்?

ஜூன் 23
அக்காவோடு பெட்டிக் கம்பெனிக்குப் போனேன். விரலெல்லாம் பசையோடு மகள் வந்தாள். "நான் வரல மேடம். பாதியில நிறுத்திட்டா மறுபடி அவமானம்."

"பதினாலு பேருல நீயும் இருக்க. பத்தாவது முடியிற வரைக்கும்னு கமிட்டிகிட்ட எழுதி வாங்கியிருக்கேன். நீயே படிச்சுப் பாரு."

இரண்டு தடவை படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

ஜூலை 5
பன்னிரண்டில் ஏழு பேருக்கு ஃபீஸ் கட்ட வெளியே ஆள் பிடித்தாயிற்று. இன்னும் ஐந்து. விடமாட்டேன்.

ஜூலை 12
பஸ் இஸ்திரி அக்கா மகளின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றது. சீருடையில், தோழியோடு ஏதோ கணக்கு விடைக்காகச் சண்டை போட்டபடி வந்துகொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. அவள் ஓட வேண்டும்.