டீச்சருக்குப் பக்கத்து இடம்

நேற்று எதிர்வீட்டுக் கல்யாணத்தில் சரவெடி கொளுத்தினார்கள். கந்தக நெடி உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். சாத்தவில்லை. உங்கள் நினைவு வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், ஆமத்தூர்ப் பக்கம் பெண்களுக்கென்று இருந்த அந்த முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். நீங்கள் சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். பட்டாசு மருந்து தீப்பிடித்ததில் உங்கள் முகத்தில் ஒரு பக்கம் வெந்து சுருங்கியிருந்தது. ஆறிப் பல வருஷமாகியும் கோடையில் எரியும். எண்ணெய் தடவிவிடும்போது ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைச் சொல்வீர்கள். "என்னையக் கொன்னு போட்டுருங்கன்னு கத்துனேன் சிஸ்டர். நெனவு மட்டும் தப்பவே இல்ல."

சாப்பாட்டு மேஜையில் உங்களுக்கு எதிரே ஞானப்பூ டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இல்லத்தில் எல்லோருக்கும் அவரிடம் ஒரு பயம். நீங்கள் வந்த வாரமே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இவுக எதிர்ல இருந்தா எனக்குச் சோறு எறங்காது. வேற எடம் போடுங்க."

மற்றவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியோரம் போய் உட்கார்ந்தீர்கள். பிறகு தினமும் அங்கேதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யலாமா டீச்சர்?"

சோற்றைப் பிசைந்த அவர் கை அப்படியே நின்றது.

"என் மகன் பட்டாசுக் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனான். பெட்டிய மூடித்தான் கொண்டாந்தாக. கடைசியா மொகத்தக் காட்டல. இவுகளப் பாக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியத் தொறக்குற மாதிரி இருக்கு."

தொட்டியோரம் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் அது கேட்டது. எழுந்து வந்தீர்கள். எதிரே இருந்த காலியிடத்தைச் சுற்றிக்கொண்டு, டீச்சருடைய பெஞ்சிலேயே உட்கார்ந்தீர்கள்.

"எதிர்ல இருந்தாத்தான மொகம் தெரியும் டீச்சர். பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

டீச்சர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்த இடம் உங்களுடையதாகிவிட்டது. டீச்சரே நகர்ந்து இடம் கொடுத்தபின் மற்றவர்களின் முணுமுணுப்பும் அடங்கியது.

எத்தனையோ மாதம் கழித்து, தட்டைப் பார்த்தபடியே டீச்சர் கேட்டார். "ரொம்ப வலிச்சுதா?"

ரசம் ஊற்ற வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இல்ல டீச்சர். ஒரு வெளிச்சம், அம்புட்டுத்தான். பெறகு ஒண்ணும் தெரியாது."

அப்போதுதான் டீச்சர் முதன்முதலாகத் திரும்பி உங்கள் முகத்தை முழுசாகப் பார்த்தார். நீங்கள் என் பக்கம் பார்க்கவேயில்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. குளிப்பாட்ட வெந்நீர் கொண்டுவந்தேன். டீச்சர் துணியை என் கையிலிருந்து வாங்கி, அந்தச் சுருங்கிய கன்னத்தை, இன்னும் வலிக்குமோ என்பதுபோல, மெல்ல மெல்லத் துடைத்தார்.

"இவுக சொன்னது நெசந்தானா சிஸ்டர்? வலியே தெரியாதா?"

"நெசந்தான் டீச்சர்."

டீச்சரும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார், அதை நம்பியபடியே. நீங்கள் பட்டது தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். இன்றுவரை நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.