எல்லோருக்கும் தடை

மார்ச் 3, திங்கள்

வண்ணத்துப்பூச்சிகளைக் காணோம். பதினோரு படங்கள்! என் வீட்டுக்காரரைக் கேட்டால், "ஒரே மாதிரி நிறைய கெடந்துச்சு, இடத்தை அடைக்குதேன்னு அழிச்சேன்" என்கிறார். ஒரே மாதிரியாம். கண்ணா புண்ணா? நல்லவேளை, கணினியின் குப்பைத்தொட்டியை அவர் காலி செய்யவில்லை. மீட்டுவிட்டேன்.

பதினான்காம் தேதி பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டிய குழந்தைகள் புத்தகம். நாற்பத்திரண்டு பூச்சிகள், மூன்று வருட உழைப்பு. எல்லாம் கணினியிலேயே வரைந்தது; காகிதத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று இதற்கு ஒரு முடிவு கட்டினேன். ஒரு ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று நாமே சொல்லிவைக்கலாமாம். பட்டியலில் வீட்டுக்காரர் பெயரைத் தேடப் பொறுமையில்லை. மேலேயே 'எல்லோரும்' என்று ஒரு வரி இருந்தது. அவரும் அதில் அடக்கம்தானே? எல்லோருக்கும் தடை என்று டிக் அடித்தேன். மஞ்சள் முக்கோணம் போட்டு நாலு வரியில் ஏதோ எச்சரிக்கை வந்தது. 'ஆம்' என்று அழுத்தினேன். இனி எவர் கை வைக்கிறார் என்று பார்ப்போம்.

மார்ச் 5, புதன்

எனக்கே திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

'எல்லோரும்' என்றால் நானும்தானாம்! என் வீடு, என் மேசை, நான் வரைந்த வெட்டுக்கிளி — அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லையாம். நிர்வாகியைக் கேட்க வேண்டுமாம்.

இந்தக் கணினிக்கு நிர்வாகி யார்? தங்கை. மருத்துவமனையில் கணினிப் பிரிவைப் பார்ப்பவள். போன வருடம் இதை வாங்கியபோது எல்லாவற்றையும் பழையதிலிருந்து மாற்றிக் கொடுத்தவள். நிர்வாகிக்கான கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான்.

அவளோடு பேச்சு நின்று பதினாலு மாதம் ஆகிறது.

மாற்றிக் கொடுத்த இரண்டே வாரத்தில், திரையில் கேட்டதற்கெல்லாம் 'ஆம்' சொல்லி நான் கணினியைக் குப்பைமேடு ஆக்கிவிட்டேன். வந்து சுத்தம் செய்தாள். செய்தவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இரவுச் சாப்பாட்டில், என் மாமியார் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னால், "எங்கக்கா எதையும் படிக்கவே மாட்டா. 'ஆம்'னு ஒரு பட்டன் இருந்தா வீட்டையே எழுதிக் குடுத்துடுவா" என்றாள். மாமியாருக்குப் புரையேறும்வரை சிரிப்பு. அன்றைக்கு அவளிடம் நான் மூடிய வாய்தான்.

இப்போது போன் போட்டு நான் என்ன சொல்லணும்? நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டேன்டி என்றா? மாட்டவே மாட்டேன்.

மார்ச் 8, சனி

அவளுடைய கடவுச்சொல்லை நானே கண்டுபிடிப்பதாக முடிவு. அவள் பிறந்த நாள். தப்பு. கல்லூரி விடுதி அறை எண். தப்பு. நாங்கள் வளர்த்த பூனையின் பெயர். தப்பு. முதல் சைக்கிளின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது — கணினிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்து தடவைக்கு ஒருமுறை பத்து நிமிடம் கதவைச் சாத்திவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடங்களில் அவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன கொடுமை.

மார்ச் 10, திங்கள்

கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க்குக்கே பூட்டு போட்டிருக்காங்கம்மா. கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் தெறக்காது. யாரு செட் பண்ணது?" என்றார்.

"தங்கச்சி."

"கெட்டிக்காரங்க. அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன், அஞ்சு நிமிஷ வேலை."

"அது மட்டும் முடியாது. வேற வழி?"

"வேற வழின்னா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்."

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாடி. முதுகு விட்டுப்போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

பதிப்பகத்தில் அவகாசம் கேட்டேன். "வெள்ளி விட்டா அடுத்த வருஷம்தான் மேடம்" என்கிறார் பதிப்பாசிரியர்.

வீட்டுக்காரர் தானே போன் போட்டு மைத்துனியிடம் பேசுகிறேன் என்றார். உங்களால்தான் இத்தனையும் என்று கத்திவிட்டேன். பாவம். அந்தப் பட்டனை அழுத்தச் சொன்னது அவரா?

மார்ச் 12, புதன்

போட்டுவிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். நலம் விசாரிக்கவெல்லாம் எனக்கு வாய் வரவில்லை. "படம் இருக்கிற ஃபோல்டர் தெறக்க மாட்டேங்குது" என்றேன்.

"எல்லாருக்கும் தடை போட்டுட்டியாக்கா?"

"ஆமா."

சிரிக்கப்போகிறாள் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். சிரிக்கவில்லை. "நாளைக்கு வேலை முடிஞ்சு நேரா வரேன். பாஸ்வேர்டெல்லாம் போன்ல சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?

மார்ச் 13, வியாழன்

வேலை ஆறு நிமிடம். இருந்தது மூன்று மணி நேரம். நாற்பத்திரண்டு பூச்சிகளையும் ஒன்று விடாமல் பார்த்தாள். "இந்தத் தும்பி மாமா மாதிரியே முறைக்குது" என்றாள், வீட்டுக்காரரைக் காட்டி. அவரும் தும்பியைப் பார்த்து முறைத்தார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள். "விடுடி" என்றேன். அவள் படியிறங்கிய பிறகு நன்றாக அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி

அனுப்பியாயிற்று. நாற்பத்திரண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். "உன்னையே நிர்வாகியாப் போட்டுடவாக்கா? இனி எதுக்கும் என்னை எதிர்பார்த்துட்டு இருக்க வேணாம்."

பத்து நாளாக நான் ஏங்கியதே அதற்குத்தான்.

"வேணாம், நீயே இரு" என்றேன்.

"அப்ப நான் மாசம் ஒரு தடவையாவது வந்து பார்க்கணுமே" என்றாள்.

"பார்க்கத்தானே வேணும்" என்றேன்.